சிறு பிள்ளைக்குக் கடிதம் எழுதச் சொல்லித்தர எந்த வழியில் தொடங்கலாம்?

ஐந்து வயது முதல் எட்டு, ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைக்கு நட்புக் கடிதம் எழுதச் சொல்லித்தர நினைப்பவர் முன்னால் நாலு வழிகள் இருக்கின்றன. தேதி, விளிப்பு, செய்தி, முடிப்பு, பெயர் என்று கடிதத்தின் வடிவத்தை முதலில் கற்றுக்கொடுப்பது ஒன்று. பிள்ளையின் கண்முன்னே பெரியவர் ஒரு கடிதம் எழுதிக் காட்டுவது இன்னொன்று. பிள்ளை வாயால் சொல்லச் சொல்ல, பெரியவர் எழுதிக்கொள்வது மூன்றாவது. பதில் போடக்கூடிய ஒருவரைக் காட்டி, "இவருக்கு எழுது" என்று பிள்ளையிடமே விட்டுவிடுவது நாலாவது.

நாலுமே பலன் தரும். எதை முதலில் வைப்பது என்பதில்தான் வீட்டிலும் வகுப்பிலும் தடுமாற்றம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பதில் போடும் ஆள் முதலில், வாய்மொழி அடுத்தது, எழுதிக் காட்டுவது அதோடு சேர்ந்தே, வடிவம் கடைசியில். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக வைக்கின்றன.

வடிவத்தில் தொடங்கினால்

இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரே பாடவேளையில் எல்லோருக்கும் சொல்லிவிடலாம். திருத்துவதும் எளிது. தேர்விலும் இதைத்தான் கேட்கிறார்கள். அப்புறம், வெற்றுத் தாளைப் பார்த்ததும் கை உறைந்துபோகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரிந்துவிட்டால் அவர்களுக்குப் பாதி பயம் போய்விடும். 'அன்புள்ள ______, நேற்று நான் ______. உனக்கு ______ பிடிக்குமா?' என்று கோடிட்ட இடம் விட்ட தாள் அந்தப் பிள்ளைக்கு உண்மையான உதவி. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைக்கும் அப்படித்தான்.

ஆனால் அப்படி எழுதிய கடிதங்களை வரிசையாக வைத்து வாசித்துப் பாருங்கள். பெயரை மாற்றினால் எல்லாம் ஒரே கடிதம். 'நான் நலம். நீ நலமா? உன் அப்பா அம்மா நலமா?' இதற்கு மேல் பென்சில் நகராது. அதே பிள்ளை இடைவேளை மணி அடித்ததும் மூச்சு விடாமல் கதை பேசுகிறது. சொல்ல விஷயம் இருக்கிறது. அது கடிதத்தில் வரலாம் என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. வடிவத்தை முதலில் பார்த்த பிள்ளை, நிரப்ப வேண்டிய இடங்களை நிரப்பிவிட்டால் கடிதம் முடிந்தது என்று நினைப்பது இயல்பு. அந்த எண்ணம் ஒருமுறை பதிந்துவிட்டால் மாற்றுவது கடினம் என்பதுதான் இந்த வழியில் எனக்குள்ள பெரிய தயக்கம்.

கோடிட்ட தாளைக் கொடுத்தே ஆகவேண்டிய பிள்ளை என்றால், சீக்கிரம் விலக்கும் திட்டத்தோடு கொடுங்கள். முதல் கடிதத்துக்கு முழுத் தாள், அடுத்ததற்கு முதல் வரி மட்டும், அதற்கடுத்ததற்கு வெறும் விளிப்பு. ஆண்டு முழுக்க அதே தாள் என்றால் பிள்ளை அதைவிட்டு வெளியே வராது.

எழுதிக் காட்டுவது

இந்தப் பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. தயாரான மாதிரிக் கடிதத்தைப் பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்வது ஒன்று. அது கையெழுத்துப் பயிற்சி. அதற்கு அந்த மதிப்பு உண்டு. கடிதம் எழுதும் பயிற்சி அதில் கிடையாது, ஏனென்றால் என்ன சொல்வது என்ற முடிவு ஒன்றைக்கூட பிள்ளை எடுக்கவில்லை.

மற்றது, பெரியவர் யோசிப்பதைப் பிள்ளை காதால் கேட்கும்படி எழுதுவது. "தாத்தாவுக்கு நாம் விதை போட்டதைச் சொல்லலாமா? 'செடி முளைத்துவிட்டது' என்று எழுதினால் அவருக்கு எந்தச் செடி என்று தெரியாதே. அவர் இங்கே வந்து பார்க்கவில்லை. சரி, அதை முதலில் எழுதுவோம்." இப்படிப் பேசிக்கொண்டே ஒரு வரியை அடித்து வேறு வரி எழுதும்போது பிள்ளைக்கு ஒரு பெரிய விஷயம் புரிகிறது: வாசிக்கப்போகிறவர் இங்கே இல்லை, அவருக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது தானாகத் தோன்றாது. 'அவன் மறுபடியும் அதைச் செய்தான்' என்று எழுதிவிட்டு, அவன் யார், அது எது என்று வாசிப்பவருக்கும் தெரியும் என்றே நம்பும். வடிவத்தை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் இந்தக் குறை தீராது. ஒருமுறை உரக்க யோசித்து எழுதிக் காட்டினால் வழி பிறக்கும்.

1983ல் கல்வி ஆய்வாளர்களான டேவிட் பியர்சனும் மார்கரெட் கேலகரும் வாசிப்புப் பயிற்சிக்காகச் சொன்ன ஒரு முறை இங்கேயும் நன்றாகப் பொருந்துகிறது. பொறுப்பைப் பெரியவரிடமிருந்து பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றுவதுதான் அது. ஒரு கடிதம் பெரியவர் எழுதுகிறார். அடுத்ததை இருவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். பிறகு பிள்ளை எழுத, பெரியவர் பக்கத்தில் இருக்கிறார். பெரிய வகுப்பு வைத்திருக்கும் ஆசிரியருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். நாற்பது பேரிடமும் தனித்தனியாக வாய்மொழி கேட்டு எழுத முடியாது. ஆனால் வகுப்பே சேர்ந்து ஒரு கடிதம் எழுத முடியும்.

பிள்ளை சொல்ல, பெரியவர் எழுத

ஐந்து, ஆறு வயதுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. காரணம் எளிமையானது. அந்த வயதில் கையின் வேகமும் மனத்தின் வேகமும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கின்றன. 'வி' எழுதி, 'ளை'யில் எந்தக் கொம்பு என்று யோசித்து, 'யா' போடுவதற்குள் விளையாட்டில் என்ன நடந்தது என்பதே மறந்துவிடுகிறது. எழுதும் வேலையைப் பெரியவர் வாங்கிக்கொண்டால் பிள்ளைக்குச் சொல்லும் வேலை மட்டும் மிஞ்சும்.

இன்னொரு காரணமும் உண்டு. எழுத்துக் கற்றலை ஆராய்ந்த கார்ல் பெரைட்டரும் மார்லீன் ஸ்கார்டமாலியாவும் 1987ல் வெளியிட்ட நூலில் இதை நன்றாக விளக்கியிருக்கிறார்கள். பேச்சில் எதிரில் இருப்பவர் "அப்புறம்?" என்கிறார், முகத்தைச் சுருக்குகிறார், சிரிக்கிறார். அந்தத் தூண்டுதல்தான் பிள்ளையை அடுத்த வாக்கியத்துக்குக் கொண்டுபோகிறது. எழுதும்போது அது இல்லை. எழுதி முடித்துவிட்டேன் என்று நிறுத்திய பிள்ளையிடம், வேறு எந்தக் குறிப்பும் கொடுக்காமல், இன்னும் கொஞ்சம் எழுதச் சொன்னாலே அது மேலும் எழுதுவதை அவர்கள் கண்டார்கள். வாய்மொழிக் கடிதத்தில் அந்த "அப்புறம்?" இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

இதில் பெரியவர் செய்யக்கூடாத ஒன்று, அழகுபடுத்துவது. பிள்ளை "பூனை என்னையே முறைச்சு முறைச்சுப் பாத்துச்சு" என்றால் 'நான் ஒரு பூனையைக் கண்டேன்' என்று எழுதிவிடக்கூடாது. எழுதியதை விரல் வைத்து வாசித்துக் காட்டும்போது தன் குரலே காதில் விழ வேண்டும். 'நான் சொன்னது இதுதான்' என்று முகம் மலர்கிற பிள்ளை அடுத்த கடிதத்துக்குத் தானே வந்து நிற்கும்.

தமிழில் இங்கே ஒரு உண்மையான கேள்வி எழுகிறது. பேச்சு வழக்கில் சொன்னதை அப்படியே எழுதுவதா, எழுத்து வழக்குக்கு மாற்றுவதா? மாற்ற வேண்டும் என்பவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது: ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பேச்சு வேறு, அதை எழுத நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது, வாசிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்குப் புத்தகத்தில் ஒன்றும் கடிதத்தில் வேறொன்றும் என்றால் குழப்பம் வரலாம். இருந்தும் முதல் சில கடிதங்களுக்கு நான் பேச்சு வழக்கின் பக்கமே நிற்பேன். 'விழுந்துட்டேன்' என்று சொன்ன பிள்ளை தாளில் 'விழுந்துவிட்டேன்' என்று பார்த்தால், எழுதுவதற்கு வேறு யாரோ ஒருவராக மாற வேண்டும் போலிருக்கிறது என்று விலகிவிடும். நெருங்கியவருக்கு எழுதும் கடிதத்தில் பேச்சுநடை இருந்தால் குற்றமில்லை. ஏழு வயது தாண்டிய பிறகு, கதைப் புத்தகங்கள் வாசித்த பழக்கத்தில், "புத்தகத்தில் இப்படி இல்லையே" என்று பிள்ளையே கேட்கும். எழுத்து வழக்கைச் சொல்லித்தர அதுவே நல்ல நேரம்.

வாய்மொழியிலேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. சொன்னால் எழுதித்தர ஒருவர் இருக்கும்போது பென்சிலை எடுப்பானேன்? அதனால் முதல் கடிதத்திலேயே ஏதாவது ஒரு பகுதி பிள்ளையின் கையால் வரட்டும். முதலில் தன் பெயர். அடுத்த முறை 'அன்புள்ள அத்தைக்கு' என்ற வரியும் சேரும். பிறகு ஒரு முழு வாக்கியம், அதன்பின் பாதிக் கடிதம். படம் வரைவதற்கு எப்போதும் இடம் விடுங்கள். ஐந்து வயதுக்குப் படம் கடிதத்தின் பகுதிதான், அலங்காரம் அல்ல. வாக்கியத்தில் சொல்ல முடியாததைப் பிள்ளை அங்கே சொல்கிறது.

பதில் போடும் ஆள்

சோவியத் உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1934ல் வெளிவந்த நூலில், எழுத்து என்பது எதிரில் கேட்பவர் இல்லாத பேச்சு, அதனால்தான் எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு அது ஏன் தேவை என்றே புரிவதில்லை என்று சொல்கிறார். கட்டுரைக்கும் வினா விடைக்கும் இது முழுக்கப் பொருந்தும். கடிதத்தில் மட்டும் கேட்பவர் இருக்கிறார், கொஞ்சம் தள்ளி. பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத்தர வேண்டிய எழுத்து வகை கடிதம்தான் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம். அப்படியிருக்க, கடிதத்தை 'உன் நண்பனுக்கு எழுதுவதுபோல் எழுது' என்று ஆளில்லாத பயிற்சியாக்கினால் அதன் பலம் முழுவதும் போய்விடுகிறது.

பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே 1920களில் தன் கிராமப் பள்ளிப் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள வேறொரு பள்ளியின் பிள்ளைகளோடு கடிதத் தொடர்பு வைக்கச் செய்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைச் சிறு அச்சுப்பொறியில் தாங்களே அச்சிட்டு அனுப்பினார்கள். தன் ஊரைப் பார்த்தேயிராத ஒருவருக்கு அதை விளக்க வேண்டியிருந்ததால், தினமும் கண்ணில் படுவதையே புதிதாகப் பார்க்க வேண்டியதாயிற்று. பலகையில் மாதிரி எழுதிப்போட்டு இதை வரவழைக்க முடியாது.

யாருக்கு எழுதுவது என்பதில் வயதைப் பார்க்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு வாரம் கழித்து வரும் பதில், வராத பதில் மாதிரிதான். எழுதியதே மறந்திருக்கும். அந்த வயதுக்கு வீட்டுக்குள்ளேயே, வகுப்புக்குள்ளேயே ஒரு தபால் பெட்டி வைப்பது மேல். காலையில் போட்ட கடிதத்துக்குச் சாயங்காலம் பதில் கிடைக்கும். வீட்டில் அக்காவுக்கோ அப்பாவுக்கோ, வகுப்பில் அடுத்த வரிசைப் பிள்ளைக்கோ எழுதலாம். பக்கத்தில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று பெரியவர்களுக்குத்தான் தோன்றும். பிள்ளைகள் ஒருபோதும் அப்படிக் கேட்பதில்லை. ஆசிரியரும் பிள்ளையும் ஒரே நோட்டில் மாறி மாறி எழுதிக்கொள்ளும் உரையாடல் நோட்டும் இந்த வகைதான். நேரில் பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் அதில் நிறையப் பேசுவார்கள்.

ஏழு வயதுக்கு மேல் காத்திருக்கப் பழகலாம். அப்போது வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டி, சித்தி, பழைய பள்ளித் தோழி. புகழ்பெற்றவருக்கு எழுத வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம், ஆனால் அது முதல் கடிதமாக இருக்கக்கூடாது. பதில் வராவிட்டால், இரண்டாவது கடிதமே எழுதப்படாமல் போகலாம்.

பதில் வந்த கதைகளும் உண்டு. 1860 அக்டோபரில் கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி, அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஆபிரகாம் லிங்கனுக்கு, தாடி வளர்த்தால் நன்றாக இருக்கும் என்று எழுதினாள். அந்தக் கடிதத்தில் முற்றுப்புள்ளி வர வேண்டிய பல இடங்களில் அது இல்லை. ஆனால் என்ன வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது, ஏன் என்பதும் இருக்கிறது: உங்கள் முகம் மிகவும் ஒல்லியாக இருக்கிறது என்கிறாள். தன் வயதில் உங்களுக்குப் பெண் பிள்ளைகள் உண்டா என்று கேட்கிறாள். உங்களால் முடியாவிட்டால் உங்கள் மகளையாவது பதில் எழுதச் சொல்லுங்கள் என்கிறாள். நாலே நாளில் லிங்கன் பதில் எழுதினார். தனக்கு மகள்கள் இல்லை, மூன்று மகன்கள் என்று அவர்கள் வயதையும் குறிப்பிட்டார். சில மாதங்களில் தாடியும் வளர்ந்திருந்தது. நல்ல கடிதத்துக்கு என்ன வேண்டும் என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்குக் காட்ட இந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்ளலாம். வாசிப்பவரைப் பற்றி ஒரு கேள்வி, தன்னைப் பற்றிக் கொஞ்சம், சொல்ல ஒரு விஷயம், பதிலுக்கு ஒரு வழி. இவ்வளவுதான் உள்ளே இருக்கிறது.

முன்பின் தெரியாத பிள்ளைக்கு எழுதுவதானால் இரண்டு பக்கமும் பெரியவர் இருக்க வேண்டும். பள்ளிக்குப் பள்ளி, ஆசிரியர் வழியாக மட்டும். வீட்டு முகவரி, தொலைபேசி எண், புகைப்படம் எதுவும் கடிதத்துக்குள் போகக்கூடாது. இதில் தளர்வு வேண்டாம்.

கற்பனை ஆளுக்கு எழுதச் சொல்வது பற்றியும் கேட்பார்கள்: நிலாவுக்கு, டைனோசருக்கு, கதையில் வரும் முயலுக்கு. பெரியவர் யாராவது நிலாவாக இருந்து பதில் போடத் தயார் என்றால் சிறு பிள்ளைகளுக்கு அது அருமையான விளையாட்டு. பதில் இல்லாமல் என்றால் அது கதை எழுதும் பயிற்சிதான். அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் நடத்திவரும் கடிதப் போட்டியில் இப்படிப்பட்ட தலைப்புகள் வருவதுண்டு. 2025ல் உன்னைக் கடலாக நினைத்துக்கொண்டு ஒருவருக்குக் கடிதம் எழுது என்றார்கள். அந்தப் போட்டி 9 முதல் 15 வயதுக்காரர்களுக்கு. அந்த வயது வரும்வரை அவசரம் இல்லை.

காகிதமா திரையா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தொடங்கும் பிள்ளைக்குக் காகிதம். மடிக்கலாம், உறையில் போடலாம், வந்ததைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். தபால் தாமதமாகும் இடத்தில் கையால் எழுதியதைப் படம் எடுத்து அனுப்புங்கள், பதிலையும் அப்படியே கேளுங்கள். விசைப்பலகையைப் பத்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். எழுதும்போது கை வலிக்கிற, அல்லது எழுத்துகள் தடுமாறுகிற பிள்ளைக்கு மட்டும் முன்பே கொடுப்பது சரி.

பிழைகளை என்ன செய்வது

இந்த நாலு வழிகளில் எதை எடுத்தாலும் கடைசியில் இங்கே வந்து நிற்போம். அனுப்பும் முன் திருத்துவதா, அப்படியே விடுவதா?

1970களில் சார்லஸ் ரீட் என்ற மொழியியலாளர், பள்ளிக்குப் போகும் முன்பே தாமாக எழுதத் தொடங்கிய குழந்தைகளின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஆராய்ந்தார். அந்தப் பிழைகள் தாறுமாறானவை அல்ல, காதில் விழும் ஒலியை ஒட்டியே வருகின்றன என்று காட்டினார். தமிழிலும் இதைப் பார்க்கலாம். ல, ள, ழ ஒன்றாகக் கேட்கும் பிள்ளை 'மலை பெய்தது' என்று எழுதுகிறது. ர, ற கதையும் ன, ண கதையும் அதேதான். அது கவனக்குறைவு அல்ல, கவனித்துக் கேட்டதன் அடையாளம்.

நான் திருத்தச் சொல்வது இரண்டை மட்டும்: பெறுபவரின் பெயர், வாசிப்பவருக்குப் பொருளே புரியாமல் போகும் சொல். உறையின் மேல் முகவரியைப் பெரியவர் எழுதட்டும். மற்றதை விட்டுவிடுங்கள். சிவப்பு மையில் திருத்திய கடிதத்தை மறுபடி 'நல்ல பிரதி' எடுக்கச் சொல்வது, அந்தப் பிள்ளையைக் கடிதத்திலிருந்து துரத்துவதற்குச் சமம். முழுக் கடிதமும் பிழையின்றிப் போக வேண்டும் என்று பள்ளி எதிர்பார்த்தால், பிள்ளையின் கடிதத்தைத் தொடாமல், பெரியவர் தனித் தாளில் தெளிவாக எழுதி இணைக்கலாம்.

திருத்தும் வேலையைப் பதில் எழுதுபவரிடம் விடுவது இன்னும் நல்லது. 'மலை பெய்தது' என்று வந்தால் பாட்டி பதிலில், 'மழை பெய்ததா? எவ்வளவு நேரம்? நீ நனைந்தாயா?' என்று எழுதட்டும். ஆசையோடு நாலு முறை வாசிக்கும் கடிதத்தில் அந்தச் சொல் சரியாக இருக்கிறது. அடுத்த கடிதத்திலேயே திருந்தும் என்று உறுதி கிடையாது, ஆனால் பிள்ளையைக் காயப்படுத்தாத வழி இது.

அப்படியானால் வடிவத்தை எப்போது சொல்லித்தருவது? இரண்டு மூன்று பதில்கள் கைக்கு வந்த பிறகு. வந்த கடிதங்களை மேசையில் பரப்பி, எல்லாவற்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். தேதி எதற்கு என்று கேளுங்கள். இரண்டு கடிதங்களில் எது முந்தியது என்று தெரியாமல் விழித்த பிள்ளைக்கு அதன் பயன் உடனே புரியும். கடைசியில் பெயர் எதற்கு, முதலில் விளிப்பு எதற்கு என்பதும் அப்படியே. இந்த நிலையில் வடிவம் ஒரே மதியத்தில் பிடிபட்டுவிடும். தேர்வுக்கும் அது போதும்.

முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளை வீட்டில் என்றால் நாளையே வாய்மொழிக் கடிதம் ஒன்றை எழுதுங்கள், வீட்டுத் தபால் பெட்டிக்குள். மூன்றாம் வகுப்பு என்றால் வெளியூர் ஆளைத் தேடுங்கள். உறைந்துபோகும் பிள்ளை என்றால் கோடிட்ட தாளோடு தொடங்கி மூன்றாவது கடிதத்தில் அதை எடுத்துவிடுங்கள். பெரிய வகுப்பு என்றால் எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம், பிறகு நாலைந்து பேர் கொண்ட குழுக்கள், பிறகு இன்னொரு வகுப்போடு ஜோடி சேர்த்தல்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பிள்ளை எழுதத் தொடங்கும் முன்பே பெறப்போகிறவரிடம் ஒரு வார்த்தை பேசி வையுங்கள். கடிதம் வந்த அன்றே பதில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை சொன்ன விஷயம் ஒன்றையாவது பெயர் சொல்லிக் குறிப்பிடட்டும். முடிவில் ஒரு கேள்வி கேட்கட்டும், 'ஆமாம்', 'இல்லை' என்று முடிந்துவிடாத கேள்வியாக: 'அந்தப் பூனை அப்புறம் என்ன செய்தது?'